கிழிந்த சீட்டுகள்

இரும்புக் கடையில் நாய்த்தீனி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தபடி கோரின் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா இடமும் வலமும் பார்த்தார். அறிவிப்புப் பலகையில் இருந்த கோரினின் கடை நோட்டீஸின் அடியில் தொங்கிய தொலைபேசி எண் சீட்டுகளில் ஒன்றைக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் "சமாதானம் உண்டாகட்டும்" என்று சொல்லி கோரினின் கையைப் பிடித்துக் குலுக்கியதும் அதே கைதான்.

"ஏம்மா, மூட்டையை வாங்கப் போறியா, இல்ல அடைகாக்கப் போறியா?" என்றார் கடைக்காரர் ஹாலிஸ்.

கோரின் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பார்த்தீங்கல்ல? எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு வாரமா. அதுவும் வரிசையாக் கிழிக்க மாட்டாங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான் ஆணி விக்கிறவன். சண்டை விக்கிறதில்ல."

அந்த ஊரில் புதிதாகக் கடை போடுகிற எவரும் முதலில் வருவது ஹாலிஸின் இரும்புக் கடைப் பலகைக்குத்தான். நோட்டீஸின் அடியில் தொலைபேசி எண்ணை எழுதி, பத்து வால்களாக வெட்டித் தொங்கவிடுவார்கள். வேண்டியவர்கள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போவார்கள். நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை தொடங்கிய கோரினும் அப்படித்தான் செய்தாள்.

முதல் வாரம் பத்துச் சீட்டும் அப்படியே தொங்கின. அவள் தினமும் வந்து எண்ணிவிட்டுப் போனாள். பிறகு சீட்டுகள் குறையத் தொடங்கின, போனும் ஒலிக்கத் தொடங்கியது. இப்போது இரண்டாவது நோட்டீஸ். இதுவரை பதினாறு சீட்டுகள் போயிருந்தன. கூப்பிட்டவர்களோ ஏழே பேர்.

நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள். கடை வாடகைக்கு அதுவரை பொறுப்பதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் கடை நிமிராவிட்டால் அந்த இடம் தூண்டில் வியாபாரிக்குப் போய்விடும். அதற்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

கோரின் நேரே வெர்னாவின் கடைக்கு நடந்தாள். வழியில் சர்ச் வந்தது. கோபமாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

வெர்னாவும் இருபது வருடமாக நாய் குளிப்பாட்டும் அதே தொழில் செய்கிறவர். ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி அளவு இருந்த ஒரு கறுப்பு நாயைத் தொட்டியில் நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா கோரின். அந்தக் காதைக் கொஞ்சம் மடிச்சுப் பிடி. தண்ணி உள்ள போயிடும்."

தொழில் பழக்கம். கோரினின் கை தானாகப் போய்க் காதைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது.

"வெர்னா, நான் சண்டை போட வந்திருக்கேன்."

"போடு. காதை மட்டும் விட்டுடாத."

"என் நோட்டீஸ்லருந்து சீட்டைக் கிழிக்கிறீங்க. என் கண்ணால பார்த்தேன்."

"ஆமா." வெர்னா சோப்புத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இன்னைக்கோட ஒன்பது."

இல்லை என்று அவர் சாதிப்பார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் கோரின். அத்தனையும் வீணாயிற்று.

"ஊர்ல பாதி நாய் உங்ககிட்டதான் வருது. மீதில நாலு எங்கிட்ட வந்தா உங்களுக்குப் பொறுக்கலையா? இந்தக் கடை போச்சுன்னா நான் மறுபடியும் ஸ்கூல் பஸ் ஓட்டத்தான் போகணும்."

"வேணாம்மா. நீ ஓட்டின வேகத்த நான் பார்த்திருக்கேன்."

"விளையாடாதீங்க. இனிமே சர்ச்சுல என் பக்கத்துல உக்காராதீங்க. கையும் குடுக்காதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் நாயின் காதை மறந்துவிட்டாள். பிடி தளர்ந்தது. நாய் அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல் தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்பியது. இருவரும் சொட்டச் சொட்ட நனைந்தார்கள்.

வெர்னா கொடியில் கிடந்த துண்டை எடுத்தார். தன் முகத்தைத் துடைப்பதற்கு முன் அதைக் கோரினிடம் நீட்டினார்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லு. முதல் வாரம் பத்துச் சீட்டும் முழுசாத் தொங்கிச்சே, அப்ப உனக்கு ஒரு போனாவது வந்துச்சா?"

கோரின் துண்டை முகத்தில் வைத்தபடியே யோசித்தாள். "வரல."

"வராதும்மா. முதல் சீட்டைக் கிழிக்க இந்த ஊர்ல எல்லாருக்கும் கூச்சம். யாரோ ஏற்கெனவே கிழிச்சிருந்தாத்தான் அடுத்தவங்க கை வைப்பாங்க."