ஓட்டை சைலன்சர்

“வண்டியா அது? செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்துடுவான்!”

மாடி வீட்டு அம்மாவின் குரல் தெருமுனை மெக்கானிக் ஷெட் வரைக்கும் கணீரென்று கேட்டது. ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். பொழுது விடிந்தால் ரொட்டிக்காரருக்கு இந்த அர்ச்சனைதான்.

“வண்டியும் இருமுது, அதை ஓட்டுற நீயும் இருமுற! மருந்து வாங்கிக் குடிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவ?”

மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. ரொட்டிக்காரரின் கிழட்டு வேன் தெருவையே அதிர வைத்துக்கொண்டு போனது. பாவம், வாயில்லாப் பூச்சி, வயசான காலத்தில் இப்படிப் பேச்சு வாங்குகிறாரே என்று மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைகளுக்கு ரொட்டி போட்டு முடித்த கையோடு வேன் ஷெட்டுக்கே வந்து நின்றது. ரொட்டிக்காரர் இறங்கினார்.

“தம்பி, என் பக்கத்துக் கண்ணாடி இறங்க மாட்டேங்குது. நேத்துலேர்ந்து மூடினது மூடினபடியே இருக்கு. அவசரமாப் பார்க்கணும்.”

மெக்கானிக் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அண்ணே, ரேடியேட்டர் ஒழுகுது. கியர் விழும்போது பல்லைக் கடிக்குது. பக்கக் கதவைச் சாத்த ரெண்டு ஆள் வேணும். ஏ.சி. எப்பவோ மூச்சை விட்டுடுச்சு. எல்லாத்தையும் பார்த்தா வண்டி விலையைவிட ரிப்பேர் விலை கூட. நீங்க கண்ணாடிக்கு வந்து நிக்கிறீங்க!”

“மத்ததெல்லாம் மெதுவாப் பார்த்துக்கலாம். கண்ணாடிதான் அவசரம்.”

“பேசாம இதைத் தள்ளிவிட்டு, சின்னதா ஒண்ணு வாங்குங்களேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?”

“வாங்கினப்ப ஒத்த ஆள் இல்லியே தம்பி. பின்னாடி ரெண்டு வரிசையும் நிறைஞ்சுதான் இருந்துச்சு.” ரொட்டிக்காரர் உள்ளே பார்த்தார். சீட்டுகளைக் கழற்றிய இடத்தில் காலி ரொட்டிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. “பெரியவன் ஒரு பக்கம், சின்னவ ஒரு பக்கம்னு போயாச்சு. அவங்கம்மாவும் போயிட்டா.”

மெக்கானிக்குக் கேட்டிருக்கவே வேண்டாமே என்று ஆகிவிட்டது. பேச்சை மாற்றினார்.

“தொழிலாவது நல்லாப் போகுதா?”

“அதுக்கென்ன குறை? பேக்கரியில பெட்டியை வெளியில எடுத்து வெச்சிருப்பாங்க. கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல இறக்கிட்டு வந்துடுவேன். காசு பேங்க்ல விழுந்துடும். யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.”

கண்ணாடியை இறக்கும் மோட்டார் எரிந்து போயிருந்தது. மெக்கானிக் விலையைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஒரு போல்ட்டுக்கே அரை மணி நேரம் பேரம் பேசும் ரொட்டிக்காரர், மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். கிளம்பும்போது திரும்பி நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

“தம்பி, மாடி வீட்டம்மா இன்னிக்கு என்ன சொன்னாங்க? இங்க கேட்டுச்சா?”

“அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்கண்ணே. அது பாட்டுக்குக் கத்தும்.”

ரொட்டிக்காரர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு இருமிக்கொண்டே போய்விட்டார்.

மெக்கானிக்குக் கை வேலையில் இருந்தாலும் மனம் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சைலன்சர் சல்லடையாகக் கிடந்தது. இதை மாற்றுங்கள் என்று ஒரு நாளாவது இந்த மனுஷன் வாய் திறந்தாரா? கையில் காசு இருக்காது, கேட்கவும் கூச்சம். இன்னொரு வேனிலிருந்து கழற்றி வைத்த நல்ல சைலன்சர் மூலையில் கிடந்தது. அதையே எடுத்து மாட்டினார். இதற்குக் காசு வாங்குவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

சாயங்காலம் ரொட்டிக்காரர் வந்து சாவியைத் திருப்பினார். திரும்பவும் திருப்பப் போனார்.

“என்ன தம்பி, கிளம்ப மாட்டேங்குது?”

“கிளம்பிடுச்சுண்ணே! சத்தம்தான் இல்லை. சைலன்சரை மாத்திட்டேன், என் கணக்குல. நாளையிலேர்ந்து உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.”

ரொட்டிக்காரரின் கண் கலங்கியது. “எதுக்கு தம்பி உங்களுக்கு வீண் சிரமம்” என்று மட்டும் சொன்னார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட திருப்தியோடு மெக்கானிக் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தெரு அமைதியாக விடிந்தது. வேன் பூனை மாதிரி ஷெட்டைக் கடந்து போனது. மாடி ஜன்னல் திறக்கவே இல்லை. மெக்கானிக் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

ஆனால் ரொட்டி போட்டு முடித்ததும் வேன் மறுபடி ஷெட் வாசலில் நின்றது. ரொட்டிக்காரரின் முகம் வாடிப் போயிருந்தது.

“என்னண்ணே, கண்ணாடி திரும்பச் சிக்கிடுச்சா?”

“இல்ல தம்பி, நல்லா இறங்குது. அந்தப் பழைய சைலன்சர் இருக்கா?”

“எடைக்குப் போடலாம்னு வெச்சிருக்கேன். ஏன்?”

“அதையே மாட்டிடுங்க. கூலி என்னவோ கொடுத்துடுறேன்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா? அந்த ஓட்டையையா? நான்தான் காசே கேக்கலையே!”

“காசுக்கு இல்ல தம்பி.” ரொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “காலையில கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, அவங்க ஜன்னலுக்குக் கீழயே ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன்.”

“நின்னு?”

“இன்னிக்கு என்னை யாருமே திட்டலை.”