ஏழாவது கதவு

மருத்துவமனையின் எல்லா இயந்திரங்களும் தம் பதிவுகளை ஒரே திரைக்கு அனுப்பும்படி இணைக்கும் வேலை பூங்கோதையின் தலையில் விழுந்து மூன்று வாரமாகிறது. கழுத்து இறுகிப்போயிருந்தது. அன்று காலை பிணவறைக் குளிர்பெட்டியை இணைத்துவிட்டு அதன் பழைய பதிவுகளைப் புரட்டினாள். பதினெட்டு நாளாகப் பகல் ஒன்றரை மணிக்கு ஏழாவது கதவு பத்து நிமிடம் திறந்தே இருந்திருக்கிறது. கோளாறாக இருக்கும் என்று பிணவறை ஊழியர் இன்னாசியை போனில் கூப்பிட்டாள்.

“கோளாறு இல்லம்மா. ஒரு அம்மா தெனமும் வர்றாங்க. அவங்க மகன்தான் உள்ள இருக்கான். போலீஸ் விசாரணை முடியாம பாடியக் குடுக்க மாட்டாங்களாம். மொகத்தப் பாத்துட்டுப் போயிடுவாங்க. கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

பூங்கோதை திரையிலிருந்த அந்தப் பதினெட்டு வரிகளையும் மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

“இனிமே மேல தெரிஞ்சிருமாம்மா?”

“ரெண்டு நிமிஷத்துக்கு மேல தெறந்திருந்தா சூப்பிரண்டுக்கு மெசேஜ் போயிரும்ணே.”

அவள் கண்களைக் கசக்கிக்கொண்டு ஏழாவது கதவுக்கான எச்சரிக்கை விதியைத் திறந்தாள். இரண்டு என்றிருந்ததை அழித்துப் பதினைந்து என்று போட்டாள்.

“நாளைக்கும் வரச் சொல்லுங்கண்ணே” என்று போனை வைத்தாள்.

மாற்றத்துக்குக் காரணம் எழுதாமல் சேமிக்க முடியாது என்றது மென்பொருள். பொய் யோசிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை. ‘பார்வையாளர் நேரம்’ என்று எழுதிச் சேமித்தாள்.