கார்பெட்டுக்கு அடியில்

தழும்பைப் பார்த்ததும் தெமித் ஓரடி பின்வாங்கினான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, குறுக்கே, ஒரே நேராகப் போயிருந்தது. இத்தனை நாள் கார்பெட்டுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

"விளக்கை அணை, ஸ்லாதா," என்றான்.

அவள் அணைக்கவில்லை. காருக்குள் இன்னும் குனிந்து, கிழித்துப் போட்டிருந்த கார்பெட்டைக் காலால் தள்ளினாள்.

"என்னடா இது, தரைத் தகட்டுல கோடு?"

"தகடு மடிச்ச கோடா இருக்கும். விடு. கார்பெட்டைத் திரும்ப ஒட்டிடலாம்."

தெமித்துக்குப் பதினெட்டு வயது. போன குளிர்காலம் முழுக்க லுக்யானின் கராஜில் அவருக்கு இருந்த ஒரே எடுபிடியாக வேலை செய்ததற்குக் கிடைத்தது இந்த ஜப்பான் கார். ஸ்டீயரிங் வலப்பக்கம்; நாட்டு வழக்கம் இடப்பக்கம் என்றாலும் விளாதிவஸ்தோக்கில் யாரும் அதை விநோதமாகப் பார்ப்பதில்லை. ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தியது, பின்சீட்டைக் கழற்றி எறிந்தது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வந்தான். இன்று உள்ளே, கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புக் கூண்டு பொருத்தவேண்டும். சனிக்கிழமை பந்தயத் தடத்தில் ஸ்லாதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவதாகச் சொல்லியிருந்தான்.

ஸ்லாதா அந்தக் கோட்டில் நகத்தை விட்டு நெம்பினாள். சாம்பல் நிறப் பட்டி பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. அடியில் வெல்டிங் வைத்த ஒரு பொட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு பொட்டு. அவசரத்தில் பட்டன் தைத்தது போல.

"அறுத்த வண்டிடா இது."

ஜப்பானிலேயே இரண்டாக அறுபட்டு, துறைமுகத்துக்குப் பாதி பாதியாக வந்து இறங்குகிற வண்டி. உதிரி பாகம் என்று காட்டினால் வரி குறைவு. அப்புறம் யாராவது ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, முழு வண்டி என்று தள்ளிவிடுவார்கள்.

"கிளேப் அண்ணன் வண்டியும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

ஜூன் மாதம், மலையிறக்கத்து வளைவில், அவள் அண்ணனின் கார் கம்பத்தில் மோதி இரண்டாகப் போனது. அவ்வளவு வேகமெல்லாம் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கிளேப்பை இரண்டு பாதிக்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள்.

"போலீஸ் யார்டுல நான் பாத்தேன். இதே பொட்டு, இதே இடைவெளி. ஒரே ஆளு வேலைடா."

"எல்லாரும் இப்படித்தான் வைப்பாங்க." தெமித் கார்பெட்டை அதன்மேல் இழுத்தான்.

"எதுக்குடா இப்ப அதை மூடுற?"

"பாக்கவே முடியல. நேத்து இந்த வண்டியிலதானே அந்த இறக்கத்துல வந்தேன்."

அவள் சட்டென்று அவன் தோளைத் தொட்டாள். ஜூனிலிருந்து அவள் யாரையும் அப்படித் தொட்டதில்லை. தெமித் தலையைத் தூக்கவில்லை.

"லுக்யானைக் கூப்பிடு."

"வேணாம் ஸ்லாதா. அவரு ரொம்ப மோசமான ஆளு. உனக்குத் தெரியாது."

அவள் ஏற்கெனவே சுவரை ஓங்கித் தட்டியிருந்தாள். பக்கத்து கராஜிலிருந்து லுக்யான் வந்தார். முட்டைக்கோஸ் கறி அடைத்த பியான்ஸே பன் ஒன்றை வலது கைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இடுக்கிக் கடித்துக்கொண்டிருந்தார். இடையில் இருந்த மூன்று விரல்களைப் போன குளிர்காலத்துக்கும் முந்தின குளிர்காலத்திலேயே அறுக்கிற மெஷின் கொண்டுபோயிருந்தது.

காருக்குள் எட்டிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தவில்லை.

"முழு வண்டின்னு சொல்லித்தானே இவன்கிட்ட குடுத்தீங்க?" என்றாள் ஸ்லாதா.

"இதுவரைக்கும் முழுசாத்தானே ஓடுச்சு. பாதி பாதியா ஓடுச்சுன்னா வந்து கேளு."

"எங்கண்ணன் வண்டி?"

லுக்யான் புறங்கையால் வாயைத் துடைத்தார். "தரகன் கொண்டுபோனான். யாருக்குப் போய்ச் சேந்துச்சுன்னு உங்கண்ணன் செத்தப்புறம்தான் எனக்கே தெரியும். போன குளிருக்கு இங்க ரெண்டே வண்டிதான் ஒட்டுனது. ஒண்ணு அது, ஒண்ணு இது."

"வா, போலாம்," என்று தெமித் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "போலீஸ்ல சொல்லிக்கலாம். வா ஸ்லாதா."

"போலீஸ் என்னத்தைக் கிழிச்சுது? ரோடு ஈரம்னு எழுதிட்டுப் போயிட்டாங்க." அவன் கையை உதறிவிட்டு மேசையிலிருந்த பெரிய சுத்தியலை எடுத்தாள். "அண்ணனைப் பெட்டியில வச்சப்பவே சொல்லிட்டேன் மாமா. ஒட்டுன கையை நான் ஒடிக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

"நியாயந்தான்," என்றார் லுக்யான்.

"அப்போ கையை மேசை மேல வைங்க."

லுக்யான் பியான்ஸேயைக் காகிதத்தோடு ஓரமாக வைத்தார். எண்ணெய் வடிந்த வலது கையை மேசையில் பரப்பினார். ஒரு கட்டைவிரல், ஒரு சுண்டுவிரல். நடுவில் வழவழப்பான தோல்.

"இடது கை எனக்குச் சோறு திங்கக்கூட வராது பாப்பா. இந்தக் கையில ஒரு பன்னுகூட ஒழுங்கா நிக்கமாட்டேங்குது. வெல்டிங் கன் நிக்குமா? நீயே சொல்லு."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. வெளியே மூடுபனிக்குள் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. தெமித் கதவைப் பார்த்தான். லுக்யான் நிதானமாகப் போய் அதைச் சாத்திவிட்டு, அதன்மேலேயே சாய்ந்துகொண்டார்.

"கையை வை, தெமித்."