மேளக்காரரின் வாய்

நாம்வோன் ஊரில் ஓர் ஓட்டு வீட்டு முற்றத்தில் மாலை வெயில் கோரைப்பாயின் பாதியில் விழுந்து கிடக்கிறது. பாயின் நடுவில் விசிறியோடு நின்று ஓக்ரிம் கதைப்பாட்டு பாடுகிறாள். எதிரே சம்மணமிட்டு மேளம் தட்டுகிறவர் கில்சு, அவளைப் பிரிந்துபோன கணவர். பிரிந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பாட்டு நன்றாக இருந்தால் மேளக்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாடுகிறவளின் குரல் தளர்ந்துவிடும். இதுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. "என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்கிறார் அரிசிக் கள்ளுக் கிண்ணத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். கில்சு மேளத்தை மட்டும் ஓங்கித் தட்டுகிறார். முன்பெல்லாம் அடுப்படியில் அவள் ஒரு வரி பாட்டை முணுமுணுத்தாலே வாசலிலிருந்து பாராட்டிக் குரல் கொடுப்பார். கதையில் இப்போது படகு கரையை விட்டு விலகுகிறது. அங்கே வரும் உச்ச சுரத்துக்கு ஓக்ரிமின் குரல் ஏறாமல் உடைகிறது. அவள் அதை மறைக்கவில்லை, கரகரப்போடு அப்படியே இழுத்துக்கொண்டு போகிறாள். இளமையில் அந்தக் குரலில் இப்படியோர் ஈரம் இருந்ததில்லை. "அப்படிப் போடு, என் ராசாத்தி," என்று கில்சுவின் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அவள் விசிறியை மடக்கிக் கூட்டத்தைப் பார்க்கிறாள். "பாத்தீங்களா, இந்த மனுசன் வாயத் திறக்க எத்தன வருசமாச்சு." கதையில் வரும் கேலி என்று நினைத்து எல்லோரும் சிரிக்கிறார்கள். கில்சு மேளத்தின்மேல் குனிந்துகொள்கிறார். அடுத்த தட்டு கொஞ்சம் பிந்தி விழுகிறது.