தலைப்பிரசவம்

மூன்று மாதக் கைக்குழந்தையோடு நகர வாசலில் நின்றாள் தமயந்தி. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, புதுத் தொட்டிலும் கையுமாக அவள் கணவன் காத்திருந்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று, வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா அவளைக் கிராமத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். குழந்தையின் அப்பாவுக்கு இருக்கும் நகரவாசி அட்டைதான் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று இரண்டு வீட்டாரும் நம்பியிருந்தார்கள்.

காவலர் குழந்தையின் கட்டைவிரலைக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு நகர அட்டை, நீங்க போலாம். பாப்பா பொறந்தது கிராமத்துல. பொறந்த இடத்து அட்டைதாம்மா. உள்ளே தங்க முடியாது."

"பால் குடிக்கிற பிள்ளை சார்! நான் இல்லாம எப்படி இருக்கும்?"

"அப்போ உங்க அட்டையை ஒப்படைச்சிட்டு ஊரோட இருங்க. பதினெட்டு வயசானா பாப்பா நகரத்துக்குள்ள வீட்டு வேலைக்கு வரலாம், வேலை செய்யற வீட்டுலேயே தங்கிக்கலாம். இப்பவே பேர் பதிஞ்சிடுங்கம்மா, வரிசை ரொம்ப நீளம்."

அவர் குரலில் கரிசனம்தான் இருந்தது. தமயந்தி தன் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழந்தையின் பெயரைச் சொன்னாள்.

"எந்த வீட்டு வேலைக்குன்னு எழுதட்டும்?"

தொட்டிலோடு நின்றவனைப் பார்த்தபடி, தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.