மூன்றாம் வார்டில் கனிவு

“சாப்பிட்டியா மோளே?”

ஏலிக்குட்டி இப்படிக் கேட்டதும் நர்ஸ் ஜிஸ்மோளின் கையிலிருந்த மருந்துத் தட்டு தரையில் விழுந்தது. மாத்திரைகள் நாலாபுறமும் சிதறிக் கட்டிலுக்கடியில் ஓடின.

மற்ற நாளாக இருந்தால், தொடுபுழை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்படி ஏலிக்குட்டி கத்தியிருப்பாள். மூன்றாம் வார்டுக்கு அவள்தான் பதினெட்டு வருஷமாகத் தலைமை நர்ஸ். “எடி, இது என்ன கையா, இரவல் வாங்கிட்டு வந்த அகப்பையா?” என்பது அவள் நர்ஸுகளிடம் பேசுகிற பேச்சில் கொஞ்சம் மரியாதையானது. இன்று வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணினாள். பிறகு குனிந்து, மாத்திரைகளைத் தானே பொறுக்கினாள்.

பத்து வரை எண்ணுவது அவள் போய்வந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. ஒரே வருஷத்தில் அவள் வார்டிலிருந்து மூன்று நர்ஸுகள் ராஜினாமா செய்திருந்தார்கள். இரண்டு பேர் அயர்லாந்து போனார்கள். அதைத் தப்பு சொல்ல முடியாது. மூன்றாமவள் எங்கேயும் போகவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறாள். அதுதான் மருத்துவமனை இயக்குநரான பாதிரியாருக்கு உறுத்தியது.

“இன்னும் ஒரு பொண்ணு போனா, ஏலிக்குட்டி, நீங்க வார்டை விட்டுட்டு ஸ்டோருக்குப் போயிடணும். பஞ்சையும் துணியையும் பார்த்துக்கலாம். நீங்க என்ன திட்டினாலும் அதுங்க கோவிச்சுக்காது” என்று சொல்லி, எர்ணாகுளத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிவைத்தார். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் பிறர் மனம் அறிந்து நடப்பது எப்படி என்று வகுப்பு.

ஏலிக்குட்டிக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் நடக்கவில்லை. வார்டின் முப்பது கட்டில்தான் அவளுக்குக் குடும்பம். அதை விட்டுப் போவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே வகுப்பில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்து. பக்கத்தில் உட்கார். கையைப் பிடி. வீட்டைப் பற்றி விசாரி. அழுதால் தடுக்காதே.

அவள் ஜிஸ்மோளின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

“உட்காரு மோளே. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பையன் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறானா?”

“போறான் சிஸ்டர்.” ஜிஸ்மோள் கட்டிலின் நுனியில் உட்கார்ந்தாள். “எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். உனக்கு மனசுல ஏதாவது ஆசை இருந்தா என்கிட்ட சொல்லு. என்னால முடிஞ்சதைச் செய்யறேன்.”

ஜிஸ்மோள் அழ ஆரம்பித்தாள். தடுக்கக் கூடாது என்பதால் ஏலிக்குட்டி தடுக்கவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுகை இரண்டு மடங்கானது. எர்ணாகுளத்தில் சொன்னது இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“இன்னிக்கு நீ வீட்டுக்குப் போ. பையனோட இரு. வேலையைப் பத்திக் கவலைப்படாத.”

செருப்பை மாற்றக்கூட நிற்காமல் ஜிஸ்மோள் ஓடினாள்.

சாயங்காலத்துக்குள் ஏலிக்குட்டி இன்னும் இரண்டு பேரிடம் கனிவாகப் பேசி முடித்தாள். ஷைபி, “நான் நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வார்டை விட்டு வெளியேறினாள். டெல்மா தான் கொண்டுவந்த கப்பைக்கிழங்கையும் மீன்கறியையும் தொடவே இல்லை. பிரார்த்தனைக் கூடத்தில் போய் முட்டி போட்டுவிட்டாள்.

நாலரை மணிக்கு ஜிஸ்மோளின் கணவன் பாபிச்சன் வந்தான். பாலா ஊருக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். பஸ்ஸையும் அதில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களையும் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்திருந்தான். ஒரு காகிதத்தை நீட்டினான். ஜிஸ்மோளின் ராஜினாமா.

ஏலிக்குட்டி அதைக் கையில் வாங்கவில்லை.

“பாபிச்சா, நான் ஒரு வார்த்தை கடுமையா பேசல. தட்டைக் கீழ போட்டப்பகூட அன்பாத்தான் பேசினேன். வேணும்னா அவளையே கேளு.”

“அதைச் சொல்லித்தான் சிஸ்டர் அழறா. வந்ததுலேர்ந்து பையனை மடியை விட்டு இறக்கல.” பாபிச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “போன வாரம் நர்ஸுங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தீங்களே, அதுல என்ன வந்திருக்கு? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நாங்க தாங்கிக்கறோம்.”

“அந்த ரிசல்ட்டே இன்னும் வரலையேடா” என்றாள் ஏலிக்குட்டி. ஒன்றும் புரியாமல், ஊசிமருந்து எடுத்துக்கொண்டிருந்த உஷாகுமாரியின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருஷமாகக் கூட வேலை பார்ப்பவள்; அந்த வார்டில் ஏலிக்குட்டியிடம் பயமில்லாமல் பேசுகிற ஒரே ஆள்.

“உஷா, வகுப்புல சொன்னதை ஒண்ணுவிடாம செஞ்சேன். நான் அன்பா இருந்தா இவங்களுக்கு ஏன் ஆகமாட்டேங்குது?” அவள் கண் நிறைந்துவிட்டது. வேதனையை மறைக்கவும் தெரியவில்லை.

உஷாகுமாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

“சிஸ்டர், இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் கைவிட்டவங்க பக்கத்துல மட்டும்தான் நீங்க இப்படி உட்கார்ந்து, கையைப் பிடிச்சு, சாப்பிட்டியான்னு கேட்டு நாங்க பார்த்திருக்கோம். அதுல ஒருத்தர்கூட மறுநாள் காலைக் காப்பிக்கு இருந்ததில்ல.”