முன்பக்கத்து ஏசி

மதியம் இரண்டு மணி வெயிலில் மெக்கானிக், ஷூட்டிங்கில் நடிகர் தங்கும் கேரவனின் பானெட்டைத் திறந்து, குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினான். குமிழ் கிளம்பியது.

"இங்கதாண்ணே லீக்கு."

வாஷரை மாற்றி கேஸ் ஏற்றினான்.

பின்னறையில் நடிகரின் ஏசி ஒருநாளும் நின்றதில்லை. டிரைவர் சூசை தன் பக்கத்து ஏசியைப் பற்றிப் பேச்செடுத்தாலே கேரவன் முதலாளி, "கண்ணாடிய இறக்கிக்கயேன்" என்பார். இன்று அவரே மெக்கானிக்கை அனுப்பியிருந்தார். சூசை லைட்மேன்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருந்தான்.

டாஷ்போர்டிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சூசை சட்டைப் பித்தானைக் கழற்றி, முகத்தை அதனருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினான்.

கதவு திறந்தது. நடிகரின் மேனேஜர், அவருடைய நாயைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தான்.

"ஷூட்டிங் முடியிற வரைக்கும் ஏசி ஓடட்டும். நீங்க இறங்கிக்குங்கண்ணே, உங்களப் பாத்தா குரைக்குது."